வானியல் வரிசையில் ஓர் இடைவெளி

நேர்காணலுக்குக் கூப்பிடும்வரை நூலகத்துக்குள்ளேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். நூலக அறிவியல் படித்துவிட்டு வருடக்கணக்கில் வேலை தேடிக்கொண்டிருந்த பொற்கொடியால் சும்மா உட்கார முடியவில்லை. எதிர் அலமாரியில், வானியல் நூல்களுக்கு நடுவே யாரோ ஒரு சமையல் புத்தகத்தைச் செருகியிருந்தார்கள். அது கண்ணை உறுத்தியது. உருவி எடுத்துக்கொண்டு சமையல் வரிசைக்குப் போனாள். அங்கே அதன் இடத்தில் மீன் வளர்ப்பு நூல் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால், அதன் இடத்தில் ஒரு சட்ட நூல். ஒவ்வொன்றாக இடம் சேர்க்கச் சேர்க்க அலமாரிகள் நீண்டுகொண்டே போயின. வெளிச்சம் குளத்தடியில் இருப்பதுபோலப் பச்சையாக அசைந்தது.

"பொற்கொடி வந்திருக்காங்களா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

"இதோ வந்துட்டேன் சார், இதை மட்டும் வச்சிட்டு..."

கடைசியாக அவள் கைக்கு வந்தது ஒரு வானியல் நூல். அதைக் கொண்டுவந்தபோது, புறப்பட்ட அலமாரிக்கே திரும்பியிருந்தாள். சமையல் புத்தகத்தை உருவிய இடைவெளி அப்படியே இருந்தது. அதன் வழியே நேர்காணல் அறை தெரிந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். எதிரே ஒரு காலி நாற்காலி.

"எவ்வளவு அமைதியான பொண்ணு! லைப்ரரிக்கு இந்த மாதிரி ஆள்தான் சார் வேணும்," என்றார் நடுவில் இருந்த அம்மாள். பிறகு நாற்காலியைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்: "எப்பம்மா வேலைக்குச் சேர்றீங்க?"

'இன்னைக்கே' என்று சொல்லப் பொற்கொடி வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய பழகிய கை, வானியல் நூலை அந்த இடைவெளிக்குள் பாதி தள்ளிவிட்டிருந்தது.