நன்றி, அங்கிள்

விஜயஸ்ரீயின் கையில் மாட்டியிருந்த பொம்மையைச் சபைச் செயலாளர் சாலமோன் இரண்டே விரலால் பிடித்து உருவினார். அவள் விரல் தன்மேல் பட்டுவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

சிவப்பு சாக்ஸில் பொத்தான் கண் வைத்த பொம்மை. ஒரு வாரமாக அவளே உட்கார்ந்து கோணலும் மாணலுமாகத் தைத்தது.

விஜயஸ்ரீ அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நன்றி, அங்கிள்" என்றாள்.

பிரிஸில்லாவுக்குச் சுரீரென்றது.

பாளையங்கோட்டைச் சபை மண்டபத்தில் கோடை விடுமுறை வகுப்பை நடத்துகிறவள் அவள்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மை செய்ய வேண்டும். கடைசி நாளான இன்று வந்தவர்கள் முன்னால், பொம்மையின் வாயால் நல்ல பழக்கங்களைச் சொல்ல வேண்டும். வந்தவர்களை வாங்க என்பது, தவறு செய்தால் மன்னிப்புக் கேட்பது, பெரியவர்கள் எது செய்தாலும் நன்றி சொல்வது.

எது செய்தாலும்! இதையா இந்தப் பிஞ்சுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வெளியூர்க்காரங்கல்லாம் வந்திருக்காங்க. அந்தத் தெருப் பிள்ளையா முன்னால நின்னு 'வாங்க'ன்னு சொல்லணும்? நம்ம தெருப் பிள்ளை டார்லின் சொல்லட்டும்" என்றார் சாலமோன், குரலைத் தாழ்த்தி.

பிரிஸில்லா குரலைத் தாழ்த்தவில்லை.

"ஏட்டி, பிடுங்குனவங்களுக்கு நன்றி சொல்லக் கூடாது. 'என் பொம்மையத் தாங்க'ன்னு கேளு."

மண்டபத்தில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜயஸ்ரீ கையை நீட்டினாள். "என் பொம்மையத் தாங்க, அங்கிள்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சாலமோன் சுற்றிலும் பார்த்தார். யாராவது தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று எதிர்பார்த்தார் போல. ஒருவரும் வாய் திறக்கவில்லை; அவளுக்காகவும் திறக்கவில்லை. அதுதான் பிரிஸில்லாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவர் பொம்மையைப் பெஞ்சின் மேல் போட்டார். பிரிஸில்லா அதை எடுத்து உதறி, குழந்தையின் கையில் மாட்டிவிட்டாள்.

திரை விலகியது. சிவப்புப் பொம்மை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டியது.

"வாங்க! எல்லாரும் வாங்க! உக்காருங்க!"

கூட்டம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது. சாலமோன் மட்டும் கடைசிவரை சுவரோரம் நின்றார்.

நிகழ்ச்சி முடிந்து பிரிஸில்லா வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் அவர் பைக்கைக் கிளப்பி வைத்திருந்தார்.

"ஏறு. வீட்டுல போயிப் பேசிக்கிடுவோம்."

கல்யாணமான நாள் முதல் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் அவள் வீடு திரும்பியிருக்கிறாள்.

பிரிஸில்லா விஜயஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமுள்ள குழந்தையின் தெருவை நோக்கி நடந்தாள்.