தாய்வழி

குன்னத்து மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் விளக்கை ஏற்றினாள் பூச்சி ஆராய்ச்சி மாணவி தமிழ்மொழி. இருட்டத் தொடங்கியதும் அந்துப்பூச்சிகள் கனவில் வருவதுபோல் சத்தமில்லாமல் வந்து துணியில் உட்கார்ந்தன.

“இதுங்களுக்கு மைட்டோகாண்ட்ரியா மரபணுன்னு ஒண்ணு இருக்கும்மா. அப்பன் கொடுக்க முடியாது, ஆத்தாகிட்டேருந்துதான் வரும். மனுசங்களுக்கும் அப்படித்தான்.”

களைவெட்டிக் காய்த்த கையைப் பிசைந்தாள் வளர்மதி. “ஆய்வுக்கூடத்துல பழகிப் பார்க்கணும்னு என் முடிய வாங்கிட்டுப் போனியே, அது என்னாச்சு?”

“என்னோடதோட அப்படியே ஒத்துப்போச்சு.”

வளர்மதிக்கு மூச்சு வந்தது. அவள் கொடுத்தது தன் முடியை அல்ல, அரும்பாவூரில் இருக்கும் தங்கை ஜெயசித்ராவின் முடியை. தமிழ்மொழியைப் பெற்றவள் ஜெயசித்ராதான். கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தது வளர்மதி. தெரிந்தால் மகள் அங்கே போய்விடுவாளோ என்று இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை.

தமிழ்மொழி ஒரு பூச்சியைக் குப்பிக்குள் விட்டு மூடினாள்.

“அக்கா தங்கச்சிக்கு அந்த மரபணு ஒண்ணாத்தாம்மா இருக்கும். ஒரே வயித்துல பொறந்தவங்கதான. நீ கொடுத்தது முழுக்கக் கருமுடி. பயப்படாம உன் நரைமுடியவே கொடுத்திருக்கலாம்.”