ரூட் இரண்டும் ரெண்டு மார்க்கும்

“சாஃப்ட்வேர் தந்த விடை (3+√2)(3−√2). வேற எதை எழுதியிருந்தாலும் மார்க் கெடையாது,” என்றார் கணிதப் பேராசிரியர் குமரகுரு.

√2 கலந்த எண்களாக 7 என்ற எண்ணைக் காரணிப்படுத்தும் கேள்வி அது. கொடைக்கானலிலிருந்து பழனி பஸ் கிளம்பும் நேரமாகியும் மாணவி தேவசேனா அவர் மேசையை விட்டு நகரவில்லை.

“அது ஒரு விடையத்தான் காட்டும் சார். (5+3√2)(5−3√2), இதையும் பெருக்கிப் பாருங்க.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“நீங்க பாக்காம நான் போறதா இல்ல சார்.”

எரிச்சலோடு கணினியில் தட்டினார். ஏழு என்றே வந்தது. அந்தக் காரணிகளை மேலும் உடைக்கச் சொன்னார். உடையவில்லை.

“சரி, ரெண்டு மார்க் போடுறேன். ரோல் நம்பர் சொல்லு.”

“முப்பத்தொண்ணு.”

விடைத்தாளை உருவியவர் திகைத்தார்.

“இது ஆக்ஸிலியா பேப்பராச்சே!”

“ஆமா சார். என்னுதுக்கு முழு மார்க் போட்டுட்டீங்க.”

ஒரே மார்க் வித்தியாசத்தில் வகுப்புத் தோழி ஆக்ஸிலியாவை முந்தித் தேவசேனா தங்கப்பதக்கம் பெறுவதாகக் காலையில்தான் அறிவித்திருந்தார்கள்.

“மெடல் அவளுக்குப் போயிருமேம்மா!”

“போகட்டும் சார். சரியா எழுதினவளுக்குத் தப்புப் போட்டுட்டு எனக்குக் குடுக்காதீங்க.”

அவர் மதிப்பெண்ணைத் திருத்திக் கையெழுத்திடும்வரை தேவசேனா அங்கேயே நின்றாள்.