ஒரு வார்த்தை சொல்லாத டீச்சர்

"நான் மைக்காண்ட போவ மாட்டேன் நைனா. நீ வேணும்னா போய்ப் பேசிக்கோ."

ஹரிதா சொன்ன வேகத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பாலசுந்தரத்துக்கு மானம் போயிற்று. நகரியில் கிளம்பி, புத்தூரில் பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தது இதற்குத்தானா?

சித்தூரில் பழைய மிஷன் சர்ச்சின் கூடம் அது. மேடையில் பூ வைத்த படத்தில் ஜெயசீலி டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்கா போய், அங்கே வாழ்நாள் முழுக்கப் பியானோ கற்றுக்கொடுத்தவர். போன மாதம் அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. சொந்தச் சபையில் இன்று நினைவு ஆராதனை.

"காசு வாங்காம அஞ்சு வருஷம் அமெரிக்காவுல இருந்து வீடியோவுல சொல்லிக் குடுத்தவங்கம்மா. நாம இன்னா அவங்க ஜனமா, சபையா? உங்க ஸ்கூல் விழாவுக்கு வந்தப்போ நீ கீபோர்டு வாசிக்கறத பாத்துட்டு, அவங்களா வந்து கேட்டாங்க. அதெல்லாம் மறந்துட்டியா?"

"மறக்கல. அதான் வயிறு எரியுது."

எரியாமல் என்ன செய்யும்? அவர்கள் வீட்டில் கீழே விசைத்தறி, மாடியில் கீபோர்டு. தறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. டீச்சருக்கு முன்னால் திருப்பதியிலிருந்து வீடியோவில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், "தறியை நிறுத்துங்க, இல்லன்னா என்னை விட்டுடுங்க" என்று ஒரே வாரத்தில் கும்பிடு போட்டுவிட்டார். ஜெயசீலி டீச்சர் தறியைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அவருக்கிருந்த கோபமெல்லாம் ஹரிதாவின் மேல்தான். கேமராவை இறக்கு. மணிக்கட்டைத் தூக்கு. சுண்டுவிரல் தூங்குது. பேசும்போது என் முகத்தைப் பார். வருஷம் முழுக்க இதே பாட்டு. நன்றாக வாசித்தாய் என்று ஒரு வார்த்தை? மூச்.

மேடையில் டீச்சரின் தம்பி ஜெபதாஸ், அக்காவின் ஜீவிய சரித்திரத்தை வாசித்து முடித்தார். அடுத்து, அமெரிக்காவில் படித்த மாணவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து ஆங்கிலத்தில் பேச, அவர் தமிழில் எடுத்துச் சொன்னார்.

வேலை முடிந்து வந்து பியானோ கற்றுக்கொண்ட ஒரு டாக்டரிடம், 'நீ வாசிக்கக் கேட்டால் மனசு நிறையுது' என்பாராம் டீச்சர். ஒரு பேங்க் அதிகாரியிடம், 'காதில் தேன் பாயுது' என்பாராம். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளிடம், 'இதைவிட அழகாக யாரும் வாசிக்க முடியாது கண்ணு' என்று சொன்னாராம்.

ஹரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டுக்கினியா நைனா? பல்லு வுழுந்த பாப்பா கூட அழகா வாசிச்சுதாம். எனக்கு ஒரு வார்த்த சொல்ல மட்டும் அவங்க வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"மெதுவா பேசும்மா. ஜனங்க பாக்கறாங்கோ."

"பாக்கட்டும். திங்கக்கெழம மெட்ராஸ்ல மியூசிக் காலேஜ் செலக்‌ஷன். நான் தேறுவேனா டீச்சர்னு கடைசி கிளாஸ்ல வாய வுட்டுக் கேட்டேன். சுண்டுவிரல கவனின்னாங்க. அவ்ளோதான் என் லட்சணம். நான் போவல. தறியாண்ட உக்காந்துக்கறேன்."

"அந்த சீட்டு கெடைக்கலன்னா செத்துருவேன்னு நீ தான சொல்லிக்கினு இருந்தே?"

"அது எனக்கு வாசிக்க வரும்னு நெனச்சிக்கினு இருந்தப்போ சொன்னது."

அந்த நேரம் பார்த்து, "அடுத்து, நகரி மாணவி ஹரிதா பேசுவார்கள்" என்று ஜெபதாஸ் கூப்பிட்டுத் தொலைத்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. ஹரிதா விடுவிடுவென்று போய் மைக்கைப் பிடித்தாள்.

"எனக்குப் பொய் பேச வராது. டீச்சர் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. நல்லா இருக்குதுன்னு மட்டும் ஒரு வாட்டி கூட சொல்லல. அங்க இருக்கறவங்களுக்கு வாரி வாரிக் குடுத்திருக்காங்க. தறிக்காரன் பொண்ணுக்கு இது போதும்னு வுட்டுட்டாங்க போல. அவங்க மேல எனக்குக் கோவம். சொல்லாம செத்துப்போனாங்களே, அதுக்கு இன்னும் கோவம். இனிமே நான் யாராண்ட போய்க் கேக்கறது?"

ஜெபதாஸுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாம்மா இது? ஆராதனையில பேசற பேச்சா?" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். பாலசுந்தரம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்தாள். டீச்சரின் மகள் தபிதா. இதற்காகவே அமெரிக்காவிலிருந்து வந்திருப்பவள்.

"திட்டத்தான வந்தீங்க? திட்டிட்டுப் போங்க" என்றாள் ஹரிதா.

"மன்னிச்சிடும்மா, சின்னப் பொண்ணு" என்று பாலசுந்தரம் கை கூப்பினார்.

தபிதா கூடத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள பேசினவங்க யாருக்கும் இது தெரியாது. தெரிஞ்சா ஒருத்தரும் கத்துக்க வரமாட்டாங்கன்னு அம்மா மறைச்சிட்டாங்க. நீ சேர்றதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு ரெண்டு காதும் சுத்தமா போயிடுச்சு ஹரிதா. பேசினா உதட்டைப் பார்ப்பாங்க, வாசிச்சா விரலைப் பார்ப்பாங்க. அதை வச்சே எல்லாரையும் சமாளிச்சாங்க."

ஹரிதா தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"பொழுதுபோக்குக்கு வாசிக்கறவங்களுக்குத் தேன், பால்னு சும்மா அளந்து விட்டுடுவாங்க. உன் கிளாஸ் முடிஞ்சாதான் உட்கார்ந்து அழுவாங்க. 'இத்தனை பேர்ல நிஜமா வாசிக்கப் பிறந்தவ அந்த நகரிப் பொண்ணு ஒருத்திதான் தபி, அவகிட்ட மட்டும் காதுல விழாததைக் கேட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல'ன்னு."