லாகில் இருந்த பெயர்

"லாகுல யாரு பேரு இருக்கோ, அவன் இன்னைக்கே வீட்டுக்குப் போயிரணும். ஆளு யாருன்னுலாம் பாக்க மாட்டேன்" என்றார் வெள்ளத்துரை அண்ணாச்சி.

சங்கரன்கோவில் தறிகளுக்குச் சேலை டிசைன் வரைந்து கொடுக்கும் ஆபீஸ் அது, அண்ணாச்சிதான் முதலாளி. ஆறு கம்ப்யூட்டர், ஆறுக்கும் பொதுவாக ஒரு சர்வர். அதைப் பார்த்துக்கொள்வது ஜெஸ்லின் வேலை. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், தீபாவளிக்கு வரைந்து வைத்திருந்த நாற்பது டிசைனும் போல்டரோடு காணோம். பேக்கப் எடுக்கும் டிஸ்க்கோ இடமில்லாமல் நின்று மாதம் ஒன்றாகிறது. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் தறிக்காரர்கள் கைக்குப் போக வேண்டியவை. கேட்டால் என்ன பதில் சொல்ல?

எல்லார் கண்ணும் டிசைன் வரையும் மாரிசெல்வம் மேல். லீவு தரவில்லை என்று போன வாரம்தான் அண்ணாச்சியிடம் எகிறியிருந்தான். வேலையில் தங்கம்தான், வாய் கொஞ்சம் நீளம். வாய் நீளமானவன் மேல்தானே பழி சீக்கிரம் ஒட்டும்!

யார் எதைத் திறந்தார், எதை அழித்தார் என்று சர்வர் எழுதி வைத்திருக்குமல்லவா என்று கேட்டார் அண்ணாச்சி. வைத்திருக்கும், பெயரும் மணியும் போட்டு; அதுதான் லாக்.

ஜெஸ்லின் தயங்கினாள். கை தவறியும் நடந்திருக்கலாமே, பிள்ளைகுட்டிக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். கை தவறினால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, ஒளிந்துகொள்கிறவனுக்கு இங்கே இடமில்லை என்று முடித்துவிட்டார் அவர்.

மாரிசெல்வம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"நான் இல்ல. ஆனா சொன்னா யாரு நம்பப் போறிய?"

அவன் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. லாகைப் பிரிண்ட் போட்டு அண்ணாச்சி மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஞாயிறு, மாலை நாலு இருபது. அழித்தவர்: வெள்ளத்துரை.

அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிசைன் பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தது உண்மைதான், எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரியாததும் உண்மைதான் என்று தனக்குள் முனகினார். பிறகு எழுந்து மாரிசெல்வத்திடம் போனார்.

"தப்பு என் மேலதாம்ல மக்கா. மனசுல வச்சுக்காத."

அத்தோடு நிற்கவில்லை மனுஷன். அழித்தது நான்தான், பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தறிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். ஊரில் தலை நிமிர்ந்தே நடந்தவர். முதல் ஆளிடமே குரல் உடைந்தது.

ஜெஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவர் கையிலிருந்த போனை வாங்கிக் கட் பண்ணினாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க மூணரைக்கே வீட்டுக்குப் போயிட்டிய. நீங்க மூடாம விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல, ஒங்க பேருலயே உக்காந்து, சர்வர்ல எடம் பண்ணலாம்னு, பழசுன்னு நெனச்சு அதை அழிச்சது நான்தான்."