ஆண்கள் பக்கம்

கொடியேறி முடிந்ததும் மைக்செட் பொன்னழகு என் கேசட்டைப் போட்டான்.

மாதா கோயில் முற்றத்தில் பெண்கள் பக்கம் நின்ற என் மனைவி சந்தனமேரியைப் பார்த்தேன். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

போன வருடத் திருவிழாவிலும் பாட்டு அவள் எழுதியதுதான். நான் மெட்டுப் போட்டு, கீபோர்டு வாசித்து, இரண்டு பேரும் பாடி, வீட்டிலேயே பதிவு செய்தோம். குழாய் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சலாக வந்தது.

"என்ன பாட்டுடி அது, ஒரு வார்த்தை வெளங்கல" என்று பக்கத்து வீட்டு பெனிட்டா சிரித்தாள்.

அன்றைக்கே சந்தனமேரி பாட்டு நோட்டைப் பரணில் போட்டுவிட்டாள். இந்த வருடம் நான் கெஞ்சிய பிறகுதான் எடுத்தாள். இதிலும் வார்த்தை புரியாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நானும் விட்டேனா! சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த, குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிகிற நாலு டிராக் ரெக்கார்டரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அவள் குரலை ஏற்றினால் காது கிழிந்தது. கீபோர்டை இறக்கினால் பாட்டு சப்பென்று போனது.

சந்தனமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரையும் ஒரே எடத்துல போட்டு அமுக்குறீக? பூசையில நிக்கிற மாதிரி பொம்பளைகள அங்குட்டும் ஆம்பளைகள இங்குட்டும் நிறுத்த வேண்டியதுதான?"

அட, ஆமாம்! அவள் குரலை முழுக்க இடது பக்கம் தள்ளினேன். என் குரலையும் கீபோர்டையும் வலது பக்கம். தாளம் மட்டும் நடுவில், சாமியார் நிற்கிற இடத்தில். ஹெட்போனில் ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று கேட்டது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது குழாய் கரகரத்து, பாடத் தொடங்கியது.

'கண்மாய் வற்றினாலும் கண் வற்றவில்லை தாயே.'

ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. இரண்டாவது சரணத்தில் பெனிட்டா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு சந்தனமேரியின் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். சந்தனமேரி தலையாட்டினாள். முக்காடு நழுவியதை அவள் கவனிக்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அடுத்த வருசத்துக்கு இப்பவே ரெண்டு வரி தோணிருச்சு" என்றவள், சட்டென்று முகம் சுருக்கினாள். "ஆமா, உங்க குரலையே காணோமே? கீபோர்டும் கேக்கல. பொன்னழகு ஒரு பக்கத்து ஒயர மாட்ட மறந்துட்டானா?"

"மறந்திருப்பான்" என்றேன்.

பாவம் பொன்னழகு. காலையில் போட்டுப் பார்த்தபோது இரண்டு ஒயரையும் சரியாகத்தான் மாட்டியிருந்தான். ஆனால் அவனிடம் இருந்தது ஒரே குழாய். மற்றவை கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. அங்குட்டு நிறுத்தியவளும் இங்குட்டு நிறுத்தியவனும் அந்த ஒரே வாய்க்குள் மறுபடி முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். ஒரு வார்த்தை விளங்கவில்லை.

அவன் டீ குடிக்கப் போனான்.

வலது பக்கத்துச் சிவப்பு ஒயர் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.