அரை மணி நேரத்தில் டாக்டர்

"ஓடும்போதே முட்டி மடங்கிருச்சு மேடம்" என்றார் முனிரத்னம், தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி.

போன் செய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் கேரல், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காரிலேயே எக்ஸ்ரே மெஷினைக் கொண்டுவந்து, வீங்கிய முட்டியைப் படமும் எடுத்துவிட்டார்.

"எலும்புல ஒண்ணுமில்ல, ஜவ்வுதான். மத்தியானமே ஸ்கேன் எடுத்துடலாம். சின்ன வயசு, சீக்கிரம் சரியாயிடும்."

முனிரத்னம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின் கையோட இருக்கே மேடம். என் பொண்ணு முட்டியையும் ஒரு படம் எடுங்க. ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல விழுந்தா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்கேனுக்கு ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் மாத்திரையாம்."

வாசலில் ரூபினி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.

"பாவம்தான்" என்றார் டாக்டர், சீட்டில் மருந்து எழுதிக்கொண்டே. "ஆனா நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது, முனிரத்னம்."

முனிரத்னத்தின் கையில் கடிவாளம் இறுகியது. பந்தயக் குதிரை மெல்லக் கனைத்தது.

"அப்ப அந்தச் சீட்டுல இவளையும் குதிரைன்னே எழுதிக்குங்க" என்றார்.